மஞ்சள் விளக்கு எரியவில்லை, அக்கா

இந்தத் தாள்கள் யார் கையில் கிடைத்தாலும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள். அம்மாகூடப் பிறந்த மாமாவிடம் காட்டவே காட்டாதீர்கள். படித்த வரைக்கும் போதும் என்று மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். இது என் அக்காவுக்கு எழுதுவது. அவள் இனி வந்து படிக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அக்கா,

உன் பச்சைத் துப்பட்டாவைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். அம்மா அதை வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து எடுத்துவிட்டாள். ஆனாலும் வார்னிஷ் வாசம் போகவில்லை. நீ வேலை பார்த்த கம்பெனியில் மோட்டாருக்குக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, சூட்டில் வைத்து எடுப்பீர்களே, அந்த வாசம். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் உன்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். "எங்க கம்பெனியில சென்ட்டு இலவசமுங்க, வேணும்னா உங்களுக்கும் ஒரு பாட்டில் கொண்டாரேன்" என்று நீ சிரிக்காமல் சொன்னாய். அவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். நீ நகர்ந்து ஜன்னல் ஓரத்தை எனக்குக் கொடுத்தாய்.

அந்த வாசம்தான் இப்போது என்னை எழுப்பி உட்கார வைத்திருக்கிறது. பேட்டரி லைட்டைத் துணிக்குள் வைத்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் மாமா படுத்திருக்கிறார். அவர் இருமும்போதெல்லாம் பேனா நின்றுவிடுகிறது.

விடிந்ததும் உக்கடத்திலிருந்து லாரி வரும். நம் ஜீப்பை ஏற்றிக்கொண்டு போய் வெட்டி எடைக்குப் போடப் போகிறார்கள். அது வெட்டுப்பட்டுவிட்டால், உன் சாவுக்கு நீ காரணமில்லை என்று காட்ட எனக்கு எதுவும் மிஞ்சாது. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருக்கிறது.

முதலில் இருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் சொல்லிப் பார்த்தால்தான் எனக்குத் தைரியம் வரும்.

அப்பாவின் ஜீப் பட்டாளத்தில் கழித்துப்போட்டது. முன்சக்கரங்களுக்கு விசை போகும் வழி அப்பா வாங்குவதற்கு முன்பே செத்துவிட்டது. தாத்தா தோட்டத்துக் கூலிக்கு வெறுங்காலோடு நடந்த மலைப்பாதையில் அப்பா அந்த ஜீப்பை ஓட்டினார். பெரியநாயக்கன்பாளையத்தில் ஆட்களை ஏற்றி, பாலமலைப் பக்கத்து ஊர்களில் இறக்கிவிடுவார். மழைக்காலம் வந்தால் ஓடை தாண்டும் இடத்தில் வண்டி உட்கார்ந்துவிடும். அந்தப் பாதைக்கென்று ஒரு வழக்கமே இருந்தது. ஓடை வந்ததும் யாரும் சொல்லாமலே பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிப் பின்னால் போய் நிற்பார்கள். தள்ளாதவன் அடுத்த முறை ஏற முடியாது. அப்பா ஆக்சிலேட்டரை மிதிப்பார். சேற்றில் இருக்கும் சக்கரம் மட்டும் சுற்றிச் சுற்றிச் சேற்றை வாரி எல்லார் மேலும் அடிக்கும். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் அசையாது.

"இந்த இழவு புடிச்ச சக்கரம் சும்மாதானே நிக்குது, இதும் ஒரு கை குடுத்தா என்னவாம்?" என்று கேட்டாய் நீ. அப்பா சிரித்தார். "அது டிபரன்சியலோட குணம் கண்ணு. லேசா இருக்கற பக்கந்தான் சுத்தும். அதைத் திருத்த முடியாது."

அந்தச் சொல்தான் உன்னைக் கிளப்பிவிட்டது.

உக்கடத்தில் பழைய வண்டிச் சாமான் விற்கும் பாய் கடைக்கு நீ என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். அரபு நாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து அடிபட்டுப்போன ஜப்பான் வண்டி ஒன்றை அங்கே பிரித்துப் போட்டிருந்தார்கள். அதன் பின் அச்சு தரையில் கிடந்தது. நடுவில் பானை போல உப்பிய இடம்தான் டிபரன்சியல். அதன் பக்கவாட்டில் கைக்கு அடங்கும் அளவில் ஒரு சின்ன மோட்டார். மோட்டாரைப் பார்த்தால் நீ விடுவாயா?

"ஏனுங்க பாய், அச்சுக்கு மோட்டார் எதுக்குங்க?"

"அது ஜப்பான்காரன் ரகசியமுங்க அம்மணி. எனக்கு எடை மட்டுந்தான் தெரியும்."

நீ ஒரு பேட்டரியைக் கேட்டு வாங்கினாய். முதலில் என்னை ஒரு பக்கச் சக்கரக் குடத்தைப் பிடித்துச் சுற்றச் சொன்னாய். மறுபக்கத்துக் குடம் எதிர்த் திசையில் சுற்றியது. பிறகு மோட்டாருக்கு இரண்டு கம்பியைத் தொட்டுக் காட்டினாய். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி சுற்றினேன். இரண்டு குடமும் ஒன்றாக, ஒரே திசையில் சுற்றின. பாய் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்காப் பண்ணுங்க அம்மணி."

"பண்ணினா வெலை ஏத்திருவீங்களே."

"அது ஏத்தியாச்சுங்க. ஆசைக்குத்தான் பாக்கறேன்."

வீட்டுக்கு வரும் வழியில் தெருமூலையில் என் கையைக் கோத்துக்கொண்டு திரும்பிக் காட்டினாய். உள்பக்கம் இருந்த நான் இரண்டு எட்டு வைப்பதற்குள் வெளிப்பக்கம் இருந்த நீ நாலு எட்டு வைத்தாய். "வளைவுல ரெண்டு சக்கரமும் வேற வேற தூரம் போகோணும். அதுக்குத்தான் டிபரன்சியல். அந்த மோட்டாரு 'டக்'குனு போடுதே, அதுதான் லாக்கு. அதைப் போட்டா ரெண்டும் ஒரே மாதிரி போகும். சேத்துக்கு அது நல்லது. வளைவுல போட்டா வண்டி திரும்பாம நேராப் போகப் பாக்கும்." இதை நீ எல்லாரிடமும் சொன்னாய். அப்பாவிடம் சொன்னாய். எப்போதாவது ஜீப் ஓட்ட வரும் மாமாவிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாய். உன் வாயால் நீ சொன்ன அந்த எச்சரிக்கையைத்தான் உன்மேல் திருப்பிவிட்டார்கள்.

அச்சைப் பொருத்தியபோது ஊரே சிரித்தது. அது நம் ஜீப்பைவிட அகலம். பின்சக்கரங்கள் இரண்டும் வெளியே துருத்திக்கொண்டு, ஜீப் காலை அகட்டி நிற்பது போல இருந்தது. முன்சக்கரத்துக்கு ஐந்து நட்டு, பின்சக்கரத்துக்கு ஆறு நட்டு. இரண்டு வகை ஸ்டெப்னியும் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும். லேத் பட்டறையில் ஷாஃப்டை வெட்டி ஒட்டிக்கொடுத்தவர், "ஏனுங்க அம்மணி, இதுக்கு மாப்பிள்ளை எந்த ஊரு, பொண்ணு எந்த ஊருங்க?" என்று கேட்டார்.

ஜப்பான் வண்டியில் அந்த மோட்டாரை ஆட்டிவைத்த கம்ப்யூட்டர் பெட்டி நொறுங்கிப் போயிருந்தது. நீ அதற்குக் கவலைப்படவில்லை. நம் ஊரில் மோட்டார் என்றால் எல்லாருக்கும் தெரிந்தது ஒன்றுதான். பம்புசெட் ஸ்டார்ட்டர். பச்சையை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தும் வரை நிற்காது. அதையே சின்னதாகச் செய்து ஜீப்பில் வைத்தாய். வேறு ஊர்க்காரர்கள் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள் என்று பிறகு நீயே சொல்லிச் சிரித்தாய். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கவேண்டியது. இந்த மோட்டார் கொஞ்சம் திரும்பி, லாக்கைத் தள்ளிவிட்டு, உடனே நிற்கவேண்டியது. தெருவே கூடி நிற்க, நீ பச்சையை அழுத்தினாய். 'டக்' என்றது. எல்லாரும் கை தட்டினார்கள். முட்டிக்கொண்டு நகர முடியாத மோட்டாருக்குள் கரண்ட் போய்க்கொண்டே இருந்தது. ஜீப்புக்கு அடியிலிருந்து புகை வந்தது.

"போர் மோட்டார் சுத்தறவ ஜீப்புக்குக் கெணறு வெட்டறா! தண்ணி வந்துச்சா அம்மணி?" என்றார் மாமா. போத்தனூரிலிருந்து அதைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார். நீ கரி படிந்த முகத்தோடு, "தண்ணி வர்ற வரைக்கும் வெட்டத்தான் மாமா வேணும்" என்றாய்.

எரிந்ததை நீயே கழற்றி, கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து மறுபடி கம்பி சுற்றினாய். ஆனால் எங்கே நிறுத்துவது என்று பிடிபடவில்லை. அதைச் சொன்னது அம்மா. மொட்டை மாடித் தொட்டி நிரம்பி வாசலில் கொட்டியபோது கத்தினாள்: "தொட்டி ரொம்பி ஊத்துது, மோட்டாரை நிறுத்துங்கடி! பக்கத்தூட்டுல மெதவை போட்டிருக்காங்க, அதுவா நின்னுக்குது. நம்மூட்டுல மோட்டாரே பொழப்பு, ஒரு மெதவைக்கு வக்கில்லை!" நீ சோற்றுக் கையோடு எழுந்து நின்றாய். நீர் ஏறியதும் மிதவை எழும்பிக் கரண்டை வெட்டுகிற மாதிரி, லாக் விழுந்ததும் தானே வெட்டிக்கொள்ளும் ஒரு குட்டி சுவிட்சை அந்த மோட்டாரின் கூட்டுக்குள்ளேயே வைத்தாய். லாக் விழுந்தது என்று காட்ட டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. அந்த விளக்குக்குப் போகும் கரண்டும் மோட்டாருக்குள் இருந்த அதே சுவிட்ச் வழியாகத்தான் போகவேண்டும். ஒயரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், அக்கா. எனக்குத் தெரியும். மோட்டார் இல்லாமல் அந்த விளக்கு எரியாது.

அந்த ஐப்பசியில் மேலே ஒரு கல்யாணம். அண்டாக்களும் அரிசி மூட்டைகளும் ஏற்றி, மூட்டைமேல் சமையல்காரர் உட்கார்ந்திருந்தார். அப்பா ஓட்ட, நாம் இருவரும் முன்னால். ஓடை வந்தது. வழக்கப்படி எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்தார்கள்.

"யாரும் எறங்க வேண்டாமுங்க" என்றாய் நீ.

"அம்மணி, எறங்கோணுமா வேண்டாமா, ஒண்ணு சொல்லிப்போடுங்க. அண்டாவோட சேந்து நானும் உருண்டா ரசம் யாரு வைக்கறது?" என்றார் சமையல்காரர்.

நீ பொத்தானை அழுத்தினாய். மஞ்சள் விளக்கு எரிந்தது. அப்பா வண்டியை மெதுவாக விட்டார். ஜீப் ஒருமுறை முனகியது. பிறகு இரண்டு பின்சக்கரமும் சேர்ந்து சேற்றைக் கவ்வி, மேட்டில் ஏறி நின்றது. செருப்பைக் கையில் பிடித்தபடியே எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.  அப்பா வண்டியைப் பின்னால் எடுத்தார். ஓடைக்குள் மறுபடி இறக்கினார். காரணமே இல்லாமல் இன்னொரு முறை ஏற்றினார்.

அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இப்போது அவர் அந்த ஜீப் இருக்கும் திசையிலேயே திரும்புவதில்லை. பின்வாசல் புளியமரத்தடியில் கிடக்கிறது. முன்பக்கம் நசுங்கிவிட்டது. வேலைக்குப் போவதற்கே இந்தப் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போகிறார்.

கோடையில் சேறு கிடையாது. அதனால் நீ அந்த மோட்டாரைக் கழற்றினாய். மழைக்காலத்தில் உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. மறுபடி வார்னிஷ் முக்கவேண்டும் என்றாய். லாக் தானாக நகர்ந்துவிடாமல் இருக்க ஒரு போல்ட்டை முடுக்கி, லாக்கைத் தள்ளும் தண்டை லாக் விழாத நிலையிலேயே இறுக்கினாய். ஓட்டைக்குத் தகரம் வெட்டி மூடினாய். தகரத்தை நான் பிடித்தேன், நீ முடுக்கினாய். டேஷ்போர்டில் பொத்தானும் விளக்கும் அப்படியே இருந்தன. மோட்டார் இல்லாதது வெளியே பார்த்தால் யாருக்கும் தெரியாது. அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால், திடீரென்று மழை வந்தால் என்ன பண்ணுவாய் என்று கேட்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் மாட்டிவிடலாம் என்றாய். சரிசெய்த மோட்டாரைப் பழைய பாவாடையில் சுற்றி உன் கட்டிலுக்கு அடியில் வைத்தாய்.

அந்த ஞாயிறு வருவதற்குள் மலைமேல் ஓர் ஊரில் குடிதண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. கழற்றி எடுத்துவர நீ போனாய். அப்பாவுக்குக் காய்ச்சல், அதனால் மாமா ஓட்டினார். இறங்கும்போது வளைவில் ஜீப் திரும்பவில்லை. மாமா முழங்கையில் கட்டோடு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து அழுதார்.

"வளைவுல அவ சுவிட்சைப் போட்டுப்போட்டா மச்சான். வேண்டாம் வேண்டாம்னேன். மஞ்ச லைட்டு எரிஞ்சுது, இந்தக் கண்ணால பாத்தேன். அப்பறம் ஸ்டேரிங் எங்க திரும்புது?"

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார். நானும் கேட்டேன். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். மஞ்சள் விளக்கு என்று மாமா சொன்னதும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தேன். அந்த நேரத்தில் மோட்டார் உன் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

மாமா தூங்கினாரா, வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருந்தாரா, பிரேக் பிடிக்கவில்லையா, எனக்குத் தெரியாது. பார்க்காததை நான் சொல்லமாட்டேன். லாக் விழவில்லை. விளக்கு எரியவில்லை. அது மட்டும் தெரியும்.

அதற்குப் பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள். ஜெபத்துக்கு வந்த போதகர், இயந்திரங்கள்மேல் நம்பிக்கை வைக்காமல் கர்த்தர்மேல் வைக்கவேண்டும் என்றார். அது உன்னைச் சொன்னது. பக்கத்து வீட்டு அம்மா, ஆனைமலை மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசினால் நியாயம் கிடைக்கும், நீங்கள் வேதக்காரர்களாக இருந்தால் என்ன, தானே போய் அரைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். யார்மேல் அரைப்பீர்கள் என்று கேட்டேன். "அந்த ஜீப்பு மேலதான் கண்ணு" என்றார். நீ இருந்திருந்தால், ஜீப்புக்கு எந்த இடத்தில் எரியும் என்று கேட்டிருப்பாய்.

நான் அம்மாவிடம் சொன்னேன். மோட்டாரை எடுத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். புரிந்தது, அக்கா. மிதவையைச் சொன்னதே அவள்தானே, புரியாமல் இருக்குமா? புரிந்த பிறகு என் வாயைப் பொத்தினாள்.

"போனவ போயிட்டா. இருக்கறவனையும் தொலைக்கச் சொல்றியா? எனக்கு ஒரே ஒரு பொறந்தவன்."

உன் காது குத்தும்போது மாமா மடியில்தான் உட்கார்ந்தாய், நானும் அப்படித்தான். தாய்மாமன்மேல் கை நீட்டினால் நாளைக்கு என் கல்யாணத்துக்கு யார் சீர் செய்வார்கள் என்றும் கேட்டாள். அவள் அழுகை நடிப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மோட்டாரை அவள் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் லாரிப் பேச்சு வந்தது. ராசி கெட்ட வண்டி, வீட்டில் நிற்கக்கூடாது என்றார் மாமா. பத்தாவது முடிந்ததும் என்னை நிறுத்திவிடவேண்டும் என்றும் சொன்னார். "பொம்பளைப் புள்ளைக வண்டிக்கடியில படுத்தா இப்படித்தான் ஆகும் மச்சான்." 

இன்று பள்ளி விட்டு வந்ததும் ஜீப்புக்கு அடியில் போனேன். புழுதியும் ஆயிலும் அப்பியிருந்தன. தகரம் அங்கேயே இருக்கிறது. போல்ட் அங்கேயே இருக்கிறது, அசையவில்லை. பீரோவைப் பூட்டினால் என்ன? மோட்டார் இல்லாத இடத்தை யாராலும் பூட்ட முடியாது. வெளியே வரும்போது மாமாவின் செருப்பு என் முகத்துக்கு நேராக நின்றது.

"என்ன அம்மணி தேடறே?"

"ஒண்ணுமில்லீங்க மாமா."

"ஒண்ணுமில்லைன்னா ஊட்டுக்குள்ள போ. ஒருத்தி போனது பத்தலையா?"

போனேன்.   ஆனால் அக்கா, கம்பெனியில் யாராவது மோட்டார் எரிந்ததற்கு வைண்டிங் செய்த பெண்ணைத் திட்டினால் நீ என்ன சொல்வாய்? "மீட்டரை வெச்சுப் பாத்துட்டுத் திட்டுங்க." மேஸ்திரியிடமும் அதையே சொன்னாய், முதலாளியிடமும் அதையே சொன்னாய். உன்னை யாரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே புதைத்தார்கள். நீ எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வரிதான். அதை நான் யாருக்கும் விட்டுத்தரப் போவதில்லை. சீர் வேண்டாம். கல்யாணம்கூட வேண்டாம். பள்ளியை நிறுத்தினால் கம்பெனியில் உன் இடத்தில் உட்கார்ந்து கம்பி சுற்றுவேன். உன் பெயரில் பழி நிற்க மட்டும் விடமாட்டேன்.

லாரி வருவதற்குள் அப்பாவை எழுப்பி அந்த ஜீப்புக்கு அடியில் படுக்கவைக்கவேண்டும். அவர் ஒரு முறை பார்த்தால் போதும். அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. வரமாட்டேன் என்றால் கையைப் பிடித்து இழுப்பேன். அம்மா அழுதால் அழட்டும், நானும் கூடவே அழுதுகொண்டு

கதவைத் தட்டுகிறார்கள். லைட்டைப் பார்த்துவிட்டார்கள். யாரென்று தெரியவில்லை. அப்பாவாக இருந்தால், வாங்கப்பா, ஜீப்படியில் ஒன்று பார்க்கவேண்டும் என்பேன். மாமாவாக இருந்தாலும்